அலாரத்துடன் கூடிய டிஜிட்டல் பிரஷர் கேஜ்: பொருத்தும் முறையும் பராமரிப்பும்



தராசும் படிக்கல்லும் கல்லாப்பெட்டியும் இருந்தால் வியாபாரம் நடந்துவிடும் என்ற காலம் மாறிவிட்டது. இன்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நம்மில் பலர் வியாபாரத்தோடு சிறு தொழிலையும் சேர்த்தே நடத்துகிறோம். ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பகுதிகளில் விளையும் முந்திரிக் கொட்டையை வாங்கி, நீராவியில் வேகவைத்து, உடைத்து, உலர்த்தி, தோல் நீக்கித் தரம் பிரிக்கிறோம். அரிசி, பருப்பு கையாளுகிறவர்கள் சார்டெக்ஸ் என்று நாம் சொல்லும் கலர் சார்ட்டர் இயந்திரம் வைத்திருக்கிறோம். இவற்றில் ஒரு பக்கம் நீராவி வேலை செய்கிறது, மறுபக்கம் அடைத்து வைத்த காற்று வேலை செய்கிறது. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாமல் பலம் சேர்த்துக்கொள்பவை.

அந்தப் பலத்தைக் காட்டுவதுதான் பிரஷர் கேஜ். அதைப் பார்ப்பதற்கு ஆள் இல்லாதபோது குரல் கொடுத்துக் கூப்பிடுவது அலாரத்துடன் கூடிய டிஜிட்டல் பிரஷர் கேஜ். இதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது, எப்படி நம்பகமாக வைத்திருப்பது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். வேலையைச் செய்யப்போவது பிட்டரும் எலக்ட்ரீஷியனும்தான். ஆனால் என்ன செய்யச் சொல்ல வேண்டும், செய்தது சரியா என்று பார்க்க வேண்டியவர் முதலாளி. ஆகவே இது நம் பாடம்.

1. அழுத்தம் எவ்வளவு பெரிய சுமை?

ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின்மேல் ஒரு கிலோ எடை உட்கார்ந்தால் அது சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். கம்ப்ரசரில் 7 கிலோ காட்டுகிறது என்றால், தொட்டியின் உட்புறத்தில் விரல் நகம் அளவுள்ள ஒவ்வொரு இடத்தையும் 7 கிலோ எடை வெளியே தள்ளுகிறது என்று பொருள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏர் டேங்கின் மூடிப்பக்கம் 40 சென்டிமீட்டர் விட்டம் உள்ளது என்று கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 1,257 சதுர சென்டிமீட்டர். 7 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 8,800 கிலோ. அதாவது 50 கிலோ அரிசி மூட்டை 176 ஐ அடுக்கி வைத்த பாரம் அந்த ஒரு மூடியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நாம் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதுகிறோம்.

நீராவியில் இந்தப் பாரத்தோடு சூடும் சேர்கிறது. வீட்டுக் குக்கரில் அழுத்தம் ஏறத்தாழ 1 கிலோ. உள்ளே 120 டிகிரி சூடு. 7 கிலோ நீராவியில் சூடு ஏறத்தாழ 170 டிகிரி.

அளவுகளின் பெயர் குழப்பக்கூடாது. 1 பார் என்பது 1.02 கிலோ, 14.5 பி.எஸ்.ஐ.; 100 கிலோ பாஸ்கல். கிலோவும் பாரும் கிட்டத்தட்ட ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பி.எஸ்.ஐ. என்பது வேறு. 100 பி.எஸ்.ஐ. என்றால் 7 கிலோதான். பழைய கேஜ் பி.எஸ்.ஐ.யிலும் புதிய கேஜ் பாரிலும் இருந்தால், வேலையாட்கள் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடுவார்கள். கூடம் முழுவதும் ஒரே அளவு இருக்கட்டும்.

2. முள்ளும் எண்ணும்

முள் உள்ள கேஜ் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த யூஜின் பூர்டோன் 1849 இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. திருவிழாக் கடையில் விற்கும், ஊதினால் விரிந்து நீளும் காகிதச் சுருள் ஊதலை நினைத்துக்கொண்டால் போதும். வளைந்த தட்டைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கிறது. அந்த அசைவு முள்ளைத் திருப்புகிறது. இதற்குக் கரண்ட் வேண்டாம். இதுவே இதன் பெரிய பலம்.

டிஜிட்டல் கேஜ் நமக்குப் புதியதல்ல. கடையில் உள்ள எலக்ட்ரானிக் தராசுக்குள் லோடு செல் இருக்கிறது. எடை வைத்தால் அது மிகச் சிறிதளவு வளைகிறது. அந்த வளைவு மின் அளவாக மாறி எண்ணாகத் தெரிகிறது. டிஜிட்டல் கேஜின் சென்சாரும் ஏறத்தாழ இப்படித்தான். எடைக்குப் பதில் காற்றோ நீராவியோ ஒரு மெல்லிய தகட்டை அழுத்துகிறது. எண்ணாகத் தெரிவதோடு, நாம் குறித்த அளவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் ரிலே மாறி ஹூட்டரை அடிக்கச் செய்கிறது.

ஆகவே முதல் விதி: டிஜிட்டல் கேஜ் வந்துவிட்டது என்று முள் கேஜைக் கழற்றக்கூடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். கரண்ட் போனாலும் முள் காட்டும். முள் சிக்கிக்கொண்டால் எண் காட்டும். இரண்டும் வேறுவேறு சொன்னால் உடனே விசாரிக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

3. இரண்டு அலாரம், இரண்டு காரணம்

அலாரக் கேஜ்களில் பலவற்றில் இரண்டு அவுட்புட் இருக்கும். ஒன்றைக் கீழ் அளவுக்கும் மற்றொன்றை மேல் அளவுக்கும் வைக்க வேண்டும்.

கீழ் அளவு அலாரம் முதலைக் காப்பது. கலர் சார்ட்டரில் கெட்ட பருப்பைத் தள்ளுவது காற்றுதான். காற்று அழுத்தம் குறைந்தால் கேமரா கறுப்புப் பருப்பைக் கண்டுபிடித்தாலும் காற்றால் அதைத் தள்ள முடியாது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், மூட்டையும் நிரம்பிக்கொண்டே இருக்கும், கலப்படம் போல சரக்கு வெளியே போய்விடும். வாங்கியவர் திருப்பி அனுப்பும்போதுதான் நமக்குத் தெரியும். முந்திரித் தோல் நீக்கும் இயந்திரத்திலும் காற்று குறைந்தால் தோல் போகாமல் பருப்பு மறுபடியும் கைவேலைக்கு வரும்.

மேல் அளவு அலாரம் உயிரைக் காப்பது. கம்ப்ரசரின் பிரஷர் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடினாலும், நீராவி போகும் வழி அடைத்துக்கொண்டாலும், அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சேஃப்டி வால்வ் திறக்கும் நிலைக்குப் போவதற்கு முன்பே நம்மை எழுப்புவது இதன் வேலை.

4. வாங்கும்போது கேட்க வேண்டியவை

அ. எல்லை அளவு. வழக்கமான வேலை அழுத்தம் கேஜின் முழு அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் விழ வேண்டும். 8 கிலோவில் வேலை செய்யும் டேங்குக்கு 0–16 கேஜ் பொருத்தம். 0–10 வாங்கினால் ஓரத்தில் தவிக்கும். 0–100 வாங்கினால் துல்லியம் போய்விடும். மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசில் 50 கிராம் ஏலக்காயை யாரும் நிறுப்பதில்லை அல்லவா?

ஆ. துல்லியம். முழு அளவில் 1 சதவீதம் என்று சொன்னால், 0–16 கேஜில் 0.16 கிலோ வரை முன்பின் இருக்கலாம். 0–100 கேஜில் 1 கிலோ வரை இருக்கலாம். இரண்டு தசமம் காட்டுகிறது என்பதால் இரண்டு தசமமும் சரி என்று ஆகாது.

இ. மரை. நம் ஊர்க் கடைகளில் பி.எஸ்.பி., என்.பி.டி. என்று இரண்டு மரை கிடைக்கிறது. கால் அங்குல அளவில் பி.எஸ்.பி.க்கு அங்குலத்துக்கு 19 மரை, என்.பி.டி.க்கு 18 மரை. ஒன்றை மற்றொன்றில் திருகினால் முதலில் சில சுற்று நன்றாகப் பிடிப்பதுபோல் இருக்கும்; பிறகு இறுகிவிடும். உண்மையில் பிடித்திருப்பது சிறிதளவுதான். பழைய கேஜைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது.

ஈ. அவுட்புட் வகை. ரிலே அவுட்புட்டா, டிரான்சிஸ்டர் அவுட்புட்டா என்று கேட்க வேண்டும். டிரான்சிஸ்டர் அவுட்புட் சிறிய டி.சி. மின்சாரத்துக்கு மட்டுமே. அதில் 230 வோல்ட் ஹூட்டரை நேராகக் கொடுத்தால் அன்றோடு போயிற்று. சிறு கூடங்களுக்கு ரிலே வகையே வசதி.

உ. சூடு தாங்கும் அளவு, ஈரம் மற்றும் தூசிப் பாதுகாப்பு, அளவீட்டுச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. பில், செயல்முறைப் புத்தகம். இவை இல்லாமல் மலிவு விலையில் கிடைப்பது நமக்கு வேண்டாம்.

5. பொருத்தும் முறை

முதலில் மெயின் சுவிட்சை இறக்கி, "ஆள் வேலை செய்கிறார், போடாதே" என்று பலகை மாட்ட வேண்டும். முடிந்தால் பூட்டும் போடலாம். டேங்கின் வடிகால் வால்வைத் திறந்து காற்று முழுவதையும் வெளியேற்றி, முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். நீராவியானால் ஆறவும் விட வேண்டும்.

இடம்: மேல் அளவு அலாரத்துக்கான கேஜ் டேங்கின் மீதோ அதை ஒட்டியோ இருக்க வேண்டும், நடுவில் ஃபில்டரோ ரெகுலேட்டரோ இருக்கக்கூடாது. கலர் சார்ட்டருக்கான கீழ் அளவு அலாரம் ஃபில்டருக்கும் டிரையருக்கும் பிறகு, இயந்திரத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் டேங்கில் 7 கிலோ இருந்தாலும் இயந்திரத்துக்கு 3 கிலோதான் போகும். குடோனில் போட்ட எடையும் கடையில் இறங்கிய எடையும் வேறுபடுவது போலத்தான் இது. எந்த இடத்து உண்மை நமக்கு வேண்டும் என்று பார்த்துக் கேஜை வைக்க வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு கேஜ் வேண்டும். ஒன்றில் இரண்டையும் சமாளிக்க முடியாது.

இணைப்பு: டீ ஜாயிண்டின் ஒரு கையில் முள் கேஜ், மறு கையில் டிஜிட்டல் கேஜ். இரண்டுக்கும் தனித்தனியே சிறு அடைப்பு வால்வ் இருந்தால், ஒன்றைக் கழற்றினாலும் மற்றொன்று வேலை செய்யும். ஆனால் இந்த வால்வில் ஓர் ஆபத்து உண்டு. மூடியபடி மறந்துவிட்டால் கேஜ் மூடிய நேரத்து அளவையே காட்டிக்கொண்டிருக்கும். எண் அழகாக நிற்கும். டேங்கில் நடப்பது வேறாக இருக்கும். எனவே வால்வைத் திறந்த நிலையில் வைத்து, கைப்பிடியைக் கம்பியால் கட்டி ஈய முத்திரை வைப்பது நல்லது.

கம்ப்ரசரின் துடிப்பு நேராகத் தாக்கினால் சென்சார் சீக்கிரம் கெட்டுவிடும். நடுவில் ஸ்னப்பர் என்ற சிறு தடுப்புத் துண்டு போட்டால் துடிப்பு அடங்கும்.

நீராவி இணைப்பில் மிக முக்கியம் சைபன் குழாய். பன்றி வால் போலச் சுருண்ட குழாய் அது. அதில் தண்ணீர் நின்று, நீராவி சென்சாரை நேராகத் தொடாமல் தடுக்கிறது. புதிதாகப் பொருத்தும்போது அதில் தண்ணீர் நிரப்பிய பிறகே நீராவியைத் திறக்க வேண்டும். நிரப்பாமல் திறந்தால் முதல் நாளிலேயே சென்சார் வெந்துவிடும்.

கூம்பு மரைக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். முதல் மரையை விட்டுச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் டேப் துணுக்கு உள்ளே போய்த் துளையை அடைத்துவிடும். நேர் மரைக்கு வாஷர் வேண்டும். கேஜின் தலையைப் பிடித்துத் திருகக்கூடாது. அடியில் உள்ள அறுகோணத்தில் ஸ்பேனர் போட்டே இறுக்க வேண்டும். பிறகு அழுத்தத்தை மெல்ல ஏற்றிச் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்க்க வேண்டும். கசிந்தால் அழுத்தத்தை இறக்கிய பிறகே இறுக்க வேண்டும்.

6. மின் இணைப்பு: மௌனமே அலாரம் ஆக வேண்டும்

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது இந்தப் பகுதிதான்.

ரிலேயில் மூன்று முனைகள் இருக்கும்: காமன், என்.ஓ., என்.சி. ஆபத்து வரும்போது ரிலே உயிர் பெற்று ஹூட்டரை அடிக்கும்படி இணைப்பது பலரும் செய்யும் முறை. இதில் ஒரு கோளாறு உண்டு. எலி வயரைக் கடித்துவிட்டாலோ, கேஜுக்குக் கரண்ட் வராவிட்டாலோ, சென்சார் செத்துவிட்டாலோ, ஆபத்து வந்தாலும் ஹூட்டர் அடிக்காது. கூடம் அமைதியாக இருக்கும். நாம் எல்லாம் நலம் என்று எண்ணிக்கொள்வோம்.

சரியான முறை இதற்கு நேர்மாறானது. எல்லாம் நலமாக இருக்கும்வரை ரிலே உயிரோடு இருக்க வேண்டும். ஆபத்து வந்தாலும் சரி, கேஜுக்கு மின்சாரம் நின்றாலும் சரி, ரிலே விழ வேண்டும்; விழுந்தவுடன் என்.சி. முனை வழியாக ஹூட்டர் அடிக்க வேண்டும். கடைவீதியில் இரவு ரோந்து வரும் கூர்க்காவின் விசிலை நினைத்துப் பாருங்கள். மணிக்கொரு முறை விசில் கேட்கிறவரை நாம் தூங்குகிறோம். விசில் கேட்கவில்லை என்றால் எழுந்து பார்க்கிறோம். அதே ஏற்பாடுதான் இது. இதை எலக்ட்ரீஷியனிடம் தெளிவாகச் சொல்லிச் செய்ய வேண்டும்.

அடுத்தது பேட்டரி. கம்ப்ரசர் என்றால் கரண்ட் போனால் மோட்டாரும் நின்றுவிடும். ஆனால் விறகோ முந்திரி ஓடோ எரிக்கும் பாய்லரில் கரண்ட் போனாலும் நெருப்பு நிற்காது. தண்ணீர் ஏற்றும் மோட்டார் நிற்கும், கூடத்தில் வெளிச்சம் போகும், நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அலாரம் மிக அவசியமான நேரம் அதுதான். எனவே 24 வோல்ட் சப்ளைக்குப் பேட்டரி துணை வேண்டும். கேஜுக்கும் ஹூட்டருக்கும் ஃபியூஸ் தனித்தனியே இருக்கட்டும். ஒன்று போனாலும் மற்றொன்று பேசும்.

மோட்டாரை நிறுத்தவும் இந்த ரிலேயைப் பயன்படுத்தலாம். ஆனால் மோட்டார் மின்சாரத்தை நேராக ரிலே வழியாகக் கொண்டுபோகக் கூடாது. சிறு ரிலே அதைத் தாங்காது, கருகி ஒட்டிக்கொள்ளும். துணை ரிலேயும் கான்டாக்டரும் வைத்தே நிறுத்த வேண்டும். நின்ற மோட்டார் தானாக ஓடத் தொடங்கக்கூடாது. ஆள் வந்து பார்த்துப் பொத்தானை அழுத்திய பிறகே ஓட வேண்டும்.

கேஜின் வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டினால் எண் தாவும். தனிக் குழாயில் கொண்டுபோக வேண்டும். எர்த்திங் அவசியம். கேபிள் நுழையும் இடத்தில் சற்றுத் தொங்கவிட்டு நுழைத்தால் மழைநீர் உள்ளே போகாமல் கீழே சொட்டிவிடும்.

7. அளவு வைத்தல்

முதலில் பூஜ்யம். அழுத்தம் முழுவதும் வெளியேறிய நிலையில் கேஜ் 0 காட்ட வேண்டும். வெறும் தட்டில் தராசு 0 காட்டுகிறதா என்று பார்ப்பது போல. அழுத்தம் இருக்கும்போது பூஜ்யப் பொத்தானை யாரும் தொடக்கூடாது. தொட்டால் எல்லாக் கணக்கும் தவறும். பாஸ்வேர்டு வசதி இருந்தால் போட்டு வைக்க வேண்டும்.

பிறகு அலார அளவுகள். உதாரணத்துக்கு ஒரு டேங்கின் தகட்டில் அனுமதித்த உச்ச அழுத்தம் 10 கிலோ என்று பொறித்திருக்கிறது. சேஃப்டி வால்வ் 9.5 கிலோவில் திறக்கும். கம்ப்ரசர் 6 இல் ஓடத் தொடங்கி 8 இல் நிற்கும். அப்படியானால் மேல் அலாரம் 8.8 கிலோ; கீழ் அலாரம் 5.5 கிலோ. மேல் அலாரம் எப்போதும் கம்ப்ரசர் நிற்கும் அளவுக்கு மேலேயும் சேஃப்டி வால்வ் திறக்கும் அளவுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். இது உதாரணம்தான். உங்கள் டேங்கின் தகட்டில் உள்ளதே உங்களுக்குச் சட்டம். தகடு இல்லாத பழைய டேங்கானால் அலாரம் வைப்பதற்கு முன் டேங்கையே சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஹிஸ்டரிசிஸ் என்ற ஓர் அமைப்பும் இருக்கும். அலாரம் அடித்த அளவிலேயே நின்றும்விட்டால், அழுத்தம் அந்த எல்லையில் ஆடும்போது ஹூட்டர் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கும். 8.8 இல் அடித்து 8.5 க்கு இறங்கிய பிறகே நிற்கும்படி 0.3 இடைவெளி கொடுக்கலாம். கீழ் அலாரத்துக்குச் சில விநாடி தாமதமும் கொடுக்கலாம். ஒரே நேரத்தில் பல இயந்திரம் காற்றை இழுக்கும்போது வீணாக அடிக்காது. மேல் அலாரத்துக்குத் தாமதம் மிகக் குறைவாகவே இருக்கட்டும்.

8. வாரச் சோதனை

அலாரம் அடிக்காமல் இருப்பது நலமாக இருப்பதாலா, செத்துப்போனதாலா? சோதித்தால்தான் தெரியும். ஒவ்வொரு வாரமும் மூன்று சோதனை போதும்.

ஒன்று: கேஜின் சப்ளையை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஹூட்டர் அடிக்க வேண்டும்.

இரண்டு: மேல் அலார அளவைத் தற்காலிகமாக இப்போதுள்ள அழுத்தத்துக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். ஹூட்டர் அடித்ததும் பழைய அளவுக்கு மாற்றி, மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும். சோதனைக்காக டேங்கின் அழுத்தத்தை உண்மையாகவே எல்லை தாண்டி ஏற்றக்கூடாது.

மூன்று: முள் கேஜும் டிஜிட்டல் கேஜும் ஒரே அளவு காட்டுகின்றனவா என்று குறைந்த அழுத்தத்தில் ஒரு முறை, வேலை அழுத்தத்தில் ஒரு முறை பார்த்து எழுத வேண்டும்.

வருடத்துக்கு ஒரு முறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளவீடு சரிபார்த்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு முத்திரை வைக்காமல் வியாபாரம் செய்ய மாட்டோம். கேஜுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

9. அடித்தால் யார் என்ன செய்வது?

அலாரம் என்பது ஓர் அழைப்பு. அழைத்தால் வருகிற ஆள் இருக்க வேண்டும். கேஜின் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் தமிழில் பலகை வைக்க வேண்டும். மேல் அலாரம் அடித்தால்: கம்ப்ரசரை நிறுத்து; அருகில் நிற்காதே; முள் கேஜைப் பார்; பொறுப்பாளரைக் கூப்பிடு. பாய்லரானால்: விறகு போடுவதை நிறுத்து, புளோயரை நிறுத்து, பாய்லர் பொறுப்பாளரைக் கூப்பிடு. கீழ் அலாரம் அடித்தால்: சரக்கு இறங்குவதை நிறுத்து; கடைசியாக நிரம்பிய மூட்டைகளைத் தனியே வை; கசிவும் ஃபில்டரும் பார். இரவு வேலைக்கு வருகிற புது ஆளும் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும்.

பல இடங்களில் நடப்பது என்ன? ஹூட்டர் அடிக்கடி அடிக்கிறது என்று அதன் வாயில் துணியை அடைக்கிறார்கள், அல்லது ஒரு வயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். வீணாக அடிக்கும் அலாரத்துக்குக் காரணம் அளவு தவறாக வைத்திருப்பது. அதைச் சரிசெய்ய வேண்டுமே தவிர வாயை அடைக்கக்கூடாது. சத்தத்தை நிறுத்தும் பொத்தான் வைத்தாலும், சில நிமிடத்துக்குப் பிறகு தானாக மறுபடி அடிக்கும்படியும், விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்படியும் வைக்க வேண்டும்.

இது சிறு விஷயம் என்று எண்ணுகிறவர்கள் போபாலை நினைத்துப் பார்க்க வேண்டும். 1984 டிசம்பர் 2 ஆம் தேதி இரவு அங்கே விஷ வாயுத் தொட்டியின் அழுத்தம் சுமார் பத்தேகால் மணிக்கு 2 பி.எஸ்.ஐ. ஆக இருந்தது. பதினொரு மணிக்கு 10 பி.எஸ்.ஐ. காட்டியது. வழக்கமான எல்லைக்குள்தானே இருக்கிறது என்று அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. அங்கே கருவிகள் சரியாகக் காட்டாதது பழகிப்போன விஷயமாகவும் இருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு அளவு கேஜின் எல்லையையே தாண்டியது. பிறகு நடந்ததை நாடே அறியும். நம் கூடத்தில் விஷ வாயு இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: கேஜ் காட்டியதை நம்பாத பழக்கம் வந்துவிட்டால், கேஜ் இருந்தும் இல்லாததுபோல். எல்லைக்குள் இருந்தாலும் முக்கால் மணியில் ஐந்து மடங்கு ஏறியது ஏன் என்று கேட்க வேண்டும்.

10. இந்தக் கேஜ் செய்யாத வேலை

அலாரம் கூப்பிடும், காப்பாற்றாது. கடைசிக் காவல் சேஃப்டி வால்வ்தான். அதைக் கட்டிவைப்பதோ, சீறுகிறது என்று இறுக்கிவிடுவதோ, அதற்கு முன்னால் அடைப்பு வால்வ் போடுவதோ கூடவே கூடாது.

பாய்லரில் தண்ணீர் குறைவதை அழுத்தக் கேஜ் சொல்லாது. தண்ணீர் வற்றிச் சூடேறிய பாய்லரில் அழுத்தம் சாதாரணமாகவே காட்டலாம். அதற்குத் தண்ணீர் மட்டக் கண்ணாடியும் தனி மட்ட அலாரமும் வேண்டும். வற்றிவிட்டது என்று தெரிந்தால் பதறிப்போய்த் தண்ணீர் ஏற்றக்கூடாது. பெரும் வெடிப்புக்கு அதுவே காரணமாகும். நெருப்பை அடக்கி, ஆட்களை வெளியேற்றி, ஆறவிட வேண்டும்.

சட்டமும் உண்டு. 1923 ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025 இல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. 25 லிட்டருக்குக் குறைவான சிறு கலன்கள் போன்ற சில விலக்குகள் தவிர, பாய்லருக்குப் பதிவும் சான்றிதழும் வேண்டும். டிஜிட்டல் கேஜ் வைப்பதற்காகப் பாய்லரில் புதிதாகத் துளை போடுவதோ வெல்டிங் வைப்பதோ துறையின் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. சட்டப்படி உள்ள கேஜுக்குக் கூடுதலாகத்தான் இதை வைக்க முடியும்.

சுருக்கமாக

முள் கேஜோடு டிஜிட்டல் கேஜும் இருக்கட்டும். வேலை அழுத்தம் எல்லையின் நடுப்பகுதியில் விழட்டும். நீராவிக்குச் சைபன், துடிப்புக்கு ஸ்னப்பர். வயர் அறுந்தாலும் அடிக்கும் இணைப்பு. கரண்ட் போனாலும் அடிக்கும் பேட்டரி. மேல் அலாரம் சேஃப்டி வால்வுக்குக் கீழே. வாரம் ஒரு சோதனை, நோட்டில் ஒரு வரி. அடித்தால் ஓடிவர ஓர் ஆள்.

ஆயுத பூஜையன்று இயந்திரங்களைக் கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்து மாலை போடுகிறோம். அதற்கு முந்தைய வாரம் கேஜின் சான்றிதழையும் ஹூட்டரின் குரலையும் சரிபார்த்துவிடும் வழக்கத்தை நமக்குள் ஏற்படுத்திக்கொள்வோம். ஆண்டுக்கொரு முறை தேதி மறக்காது. கூடத்தில் வேலை செய்கிறவர்கள் மாலையில் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். முதலாளி செலவு செய்ய வேண்டிய முதல் இடம் அதுதான்.